தனியுரிமத் தளம் சார்ந்த திறந்த மூலத் திட்டங்களின் சட்ட இடர்கள்

தனியுரிமத் தளம் சார்ந்த திறந்த மூலத் திட்டம் என்பது, தனது மூல நிரல் திறந்திருந்தும், இயங்குவதற்கோ உருவாக்கப்படுவதற்கோ வேறொரு நிறுவனத்தின் உடைமையான மென்பொருளை நம்பியிருக்கும் திட்டம் ஆகும். திட்டத்தின் உரிமம் அதன் சொந்த நிரலுக்கு மட்டுமே பொருந்தும்; அடித்தளமாக உள்ள மென்பொருளின் மீது எவ்வுரிமையையும் தராது. எனவே அந்நிறுவனம் நிபந்தனைகளை மாற்றினால் திட்டம் முடங்கக்கூடும்.

இடர்களின் வகைகள்

- உரிம ஒப்பந்தம்: தளத்தின் இலவச அனுமதி மீளப்பெறப்படலாம்.
- பதிப்புரிமை: தளத்தின் இடைமுகங்களைப் பின்பற்றி எழுதிய நிரல் நகல் எனக் குற்றஞ்சாட்டப்படலாம்.
- காப்புரிமம்: நிரலைத் தாமே எழுதியிருந்தாலும், காப்புரிமம் பெற்ற வழிமுறையைக் கையாண்டால் வழக்குக்கு இடமுண்டு.
- வணிகக்குறி: தளத்தின் பெயரைத் திட்டத்தின் பெயரில் சேர்ப்பது சிக்கலாகலாம்.
- உரிம முரண்பாடு: குனூ பொதுமக்கள் உரிம நிரலைத் தனியுரிம நூலகத்துடன் இணைத்து வெளியிடுவது அவ்வுரிமத்தையே மீறுவதாகலாம்.

எடுத்துக்காட்டுகள்

இ-கலப்பை

தமிழா! தன்னார்வக் குழு விலையின்றி வழங்கிய இ-கலப்பை, விண்டோசில் தமிழ் ஒருங்குறித் தட்டச்சைப் பரவலாக்கிய மென்பொருள்களுள் ஒன்று. இதன் தொடக்கப் பதிப்புகள் டவுள்டெசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன் என்னும் தனியுரிம மென்பொருளின் மீது இயங்கின. விசைப்பலகை அமைப்புகள் தன்னார்வலர்களுடையவை. அவற்றை இயக்கிய பொறியோ அந்நிறுவனத்துடையது. ஆகவே எண்ணற்ற தமிழ்ப் பயனர்களின் அன்றாடத் தட்டச்சு வேறொருவரின் அனுமதியைச் சார்ந்திருந்தது. மூன்றாம் பதிப்பு கீமேனைக் கைவிட்டு, குனூ பொதுமக்கள் உரிமத்தில் புதிதாக எழுதப்பட்டது. கீமேனை 2015 இல் எஸ்.ஐ.எல். இன்டர்நேஷனல் ஏற்றது; பின்னர் அதுவும் திறந்த மூலமாயிற்று.

பிட்கீப்பர்

லினக்சு கரு உருவாக்குநர்கள் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியுரிமப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளை இலவச அனுமதியுடன் பயன்படுத்தினர். ஆண்ட்ரூ டிரிட்ஜெல் அதனுடன் ஒத்தியங்கும் கருவியை உருவாக்க முயன்றதை அடுத்து, 2005 இல் அவ்வனுமதி நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு லினசு டோர்வால்டுசு கிட் மென்பொருளை எழுதினார்.

ஜாவா

ஆண்ட்ராய்டில் ஜாவா இடைமுகங்களைப் பயன்படுத்தியதற்காக ஆரக்கிள் 2010 இல் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு எனத் தீர்ப்பளித்தது. இடைமுகங்களுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை.

இந்தியச் சட்டம்

1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, தனித்து எழுதப்பட்ட நிரல் பிற நிரல்களுடன் ஒத்தியங்கத் தேவையான தகவலைப் பெறும் செயல்களை அனுமதிக்கின்றது. நிரலை முறைப்படி வைத்திருப்பவர் மட்டுமே இவ்வாறு செய்யலாம். அத்தகவல் வேறு வழியில் எளிதில் கிடைக்காததாகவும் இருத்தல் வேண்டும். 1970 ஆம் ஆண்டின் காப்புரிமச் சட்டத்தின் 3 ஆம் பிரிவு, கணினி நிரலுக்கு அந்நிலையிலேயே காப்புரிமம் வழங்குவதை விலக்குகின்றது. 2004 இன் அவசரச் சட்டம் இவ்விலக்கைத் தளர்த்தியது. 2005 இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை.

தற்காப்பு வழிகள்

- தளம் சார்ந்த பகுதியைத் தனி அடுக்காகப் பிரித்து எழுதுதல்
- தளத்தின் அனுமதியை எழுத்தில் பெறுதல்
- தரவுகளைத் திறந்த வடிவத்தில் சேமித்தல்
- மாற்றுத் தளத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்தல்

இவற்றையும் பார்க்க

- கட்டற்ற மென்பொருள்
- தமிழ்த் தட்டச்சு
- குனூ பொதுமக்கள் உரிமம்