வசையும் வாய்மையும்: அவதூற்றுச் சட்ட வரலாற்றில் ஒரு கூறு

ஒருவர்மேல் உரைக்கப்பட்ட பழி மெய்யாயின், உரைத்தவன் குற்றவாளியாவானோ? அவதூற்றுச் சட்ட வரலாறு பெரிதும் இவ்வினாவைச் சுற்றியே இயங்குகின்றது.

இங்கிலாந்தில் இதற்குத் தெளிவான விடை பிறந்தது ஒரு வசைப்பாட்டினால் என்பது தமிழ் பயில்வார்க்குச் சுவை தருவதாகும். காண்டர்பரிப் பேராயர் விட்கிப்டு 1604இல் மறைந்தபின் அவரைப் பழித்து ஒருவர் பாடல் புனைந்தார். ஸ்டார் சேம்பர் என்னும் மன்றம் 1605இல் அவ்வழக்கை ஆராய்ந்தது. பழி மெய்யோ பொய்யோ என்பது கருதத்தக்கதன்று, இறந்தாரைப் பழித்தலும் குற்றமே என்று ஆண்டுத் துணியப்பட்டமையை எட்வர்டு கோக் எழுதிவைத்துள்ளார். பழிக்கப்பட்டவனின் சுற்றத்தார் பழிவாங்க எழுவர். நாட்டின் அமைதி குலையும் என்பதே காரணம். 1641இல் அம்மன்றம் ஒழிந்தது; கொள்கை ஒழிந்திலது.

1735இல் நியூயார்க்கில், ஆளுநரைக் குறைகூறிய இதழை அச்சிட்ட செங்கர் என்பார்க்காக வாதிட்ட ஆமில்டன், மெய்யுரைத்தல் குற்றமாகாது என நடுவர் குழுவினரிடம் முறையிட்டு விடுதலை பெற்றுத் தந்தார். எனினும் அது தீர்ப்பேயன்றிச் சட்டமாயிற்றில்லை. 1843ஆம் ஆண்டுச் சட்டமே, பழி மெய்யாக இருப்பதோடு அதனை வெளியிடுதல் பொதுநலத்திற்கு உரியதாகவும் இருப்பின் குற்றமில்லை என இங்கிலாந்தில் வகுத்தது.

1860இல் இயற்றப்பெற்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவு, தன் முதல் விதிவிலக்கில் இவ்விரு கூறுகளையும் வேண்டிற்று. இறந்தார்மேல் உரைக்கும் பழியும், உறவினர் உள்ளத்தைப் புண்படுத்தும் கருத்துடையதாயின், அதன்கண் அடங்கும். எழுத்து, பேச்சு என்னும் ஆங்கில வேறுபாட்டை மட்டும் அது கைவிட்டது.

அப்பிரிவின் மூன்றாம் விளக்கம் நம் இலக்கணத்தோடு ஒப்புநோக்கற்பாலது. எள்ளற்குறிப்பாகக் கூறுவதும் அவதூறாகலாம் என்கிறது அது. ‘அவர் நேர்மையாளர், இன்னாருடைய கைக்கடிகாரத்தை அவர் திருடவேயில்லை’ என்று, திருடியதாகப் பிறர் நம்பும்படி கூறுதல் அதற்குக் காட்டு. தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள், கரந்தது என இரண்டாக்கினார். அவர் செய்யுள் வகை கண்ட இடத்தில் சட்டம் குற்றம் காண்கிறது. கரந்து கூறினும் கேட்போர் கொள்ளும் பொருளே பொருள் என்பதில் இருவரும் ஒன்றுபடுவர். தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலை ஔவையார் புகழ்ந்தது எத்தகைய புகழ்ச்சி என்பதை அறியாதார் யார்?

இழப்பீடு கோரும் உரிமையியல் வழக்கில் மெய்ம்மை ஒன்றே போதிய காப்பாகும். குற்ற வழக்கிலோ, மெய்யுரைத்தவனும் பொதுநலத்தை மெய்ப்பித்தாக வேண்டும். ஊழலை எழுதும் சிற்றிதழாளனுக்கு இச்சுமை எளிதன்று. சிறைத்தண்டனை நீங்கியிருக்க வேண்டும் என்பதே எம் கருத்து. உச்ச நீதிமன்றம் 2016இல் இப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தோ 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவதூற்றைக் குற்றவியலினின்று நீக்கிவிட்டது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவாகத் தொடர்கின்றது. ஈராண்டுச் சிறையோடு சமுதாயப் பணியும் தண்டனை வகையாகச் சேர்ந்துள்ளது. திருடப்படாத அக்கைக்கடிகாரமும் ஆண்டு அவ்வாறே உள்ளது.