நிலத்திலே பறந்த விமானங்கள்

பூநகரிக் கடனீரேரியின் ஆழமற்ற நீரிலே தோணி செலுத்தப் பழகுபவன் தவறினால் நனைந்த உடையுடன் எழுந்துவிடுவான். வானிலே தவறுபவனுக்கு அத்தகைய வாய்ப்பில்லை. ஆதலின், நிலத்தில் இருந்தபடியே பறக்கும் உணர்வை அளிக்கும் பாவனைப்பொறிகள் தோன்றின.

1929ஆம் ஆண்டில் அமெரிக்கரான எட்வின் லிங்க், தம் தந்தையாரின் இசைக்கருவித் தொழிற்சாலையிற் பயன்பட்ட காற்றுத்துருத்திகளைக் கொண்டே, அசையும் விமானி அறையொன்றை அமைத்தார். 1934இல் தபால் ஏற்றிச் சென்ற அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்ட பின்னரே அதன் அருமை உணரப்பட்டது.

லிங்கின் பொறி விமானியைப் பயிற்றியது. பின்வந்த பொறிகளோ இன்னும் கட்டப்படாத விமானத்தையே சோதிக்கலாயின. ஆறு கால்களின்மேல் நிற்கும் அறையை மெல்லப் பின்னே சாய்த்தால், உள்ளிருப்பவன் முன்னோக்கி விரைவதாகவே உணர்கின்றான். வெளியைக் காணாதவிடத்துச் சாய்வையும் ஆர்முடுகலையும் உட்செவி பிரித்தறியாது என்பதே இதன் சூக்குமம்.

இவ்வுணர்வு வீண் அலங்காரமன்று. 1977 ஒக்டோபர் 26இல் என்டர்பிரைஸ் என்னும் விண்ணோடம் தரையிறங்குகையில் தள்ளாடியது. விமானியின் கையசைவுக்கும் ஓடத்தின் அசைவுக்கும் இடையே நிகழ்ந்த சிறு தாமதம் அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். பாவனைப்பொறிகளிலும் சோதனை விமானத்திலும் இக்குறை ஆராயப்பட்டுக் கட்டுப்பாட்டு முறை திருத்தப்பட்ட பின்னரே, 1981 ஏப்ரல் 12இல் கொலம்பியா விண்ணேகியது.

இந்தியாவின் தேஜஸ் போர்விமானம் இயல்பாகவே நிலைகுலையும் அமைப்புடையது. கணினி இடையறாது திருத்தாவிடின் அதனைச் செலுத்துதல் இயலாது. அக்கணினிக்குரிய கட்டுப்பாட்டு விதிகள் பெங்களூரிலே நிலத்துப் பாவனைப்பொறிகளிற் சோதிக்கப்பட்டன. 1996இல் அமெரிக்காவின் எஃப்-16 விமானமொன்று, தேஜஸைப் போலவே நடக்குமாறு கணினியால் மாற்றப்பட்டுப் பறந்தது. வானமே அங்கு சோதனைக்கூடமாயிற்று. 1998 மே மாதத்து அணுச் சோதனைகளின் பின் அவ்வுதவி நின்றது. இந்தியப் பொறியியலாளர் மனந்தளராது எஞ்சிய பணியைத் தாமே முடித்தனர். 2001 சனவரி 4இல் ராஜீவ் கோத்தியால் தேஜஸை முதன்முறை பறக்கவைத்துப் பழுதின்றித் தரையிறக்கினார்.

பாவனைப்பொறி எதனையும் தானாக அறியாது. அதனுட் புகுத்தப்பட்ட கணிதம் எவ்வளவு உண்மையோ, அவ்வளவே அதன் விடையும் உண்மை. கருவியைப் பிறர் மறுக்கலாம். அக்கணிதத்தைக் கற்றுத் தேர்ந்தவரின் அறிவை எவரும் மீளப் பெறல் இயலாது.