நைல் வடிநில நீரியல்

நைல் ஆற்றின் வரத்தை அளந்து, பதிந்து, அதைக் கொண்டு பாசனத்தையும் அணைகளையும் திட்டமிடும் ஆய்வுத் துறை இது. வடிநிலத்தின் பரப்பு 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 11 நாடுகள் அதில் அடங்கும். எகிப்தின் அசுவான் வந்து சேரும் நீரில் ஏறத்தாழ 85 விழுக்காடு எத்தியோப்பிய மேட்டுநிலத்து மழை. நீல நைல், அத்பாரா, சோபாத் ஆகிய ஆறுகள் அதைச் சுமந்து வருகின்றன. அளவுகோலோ மழை பெய்யும் தலைமடையில் நடப்படவில்லை. கடைமடையான எகிப்தில் நடப்பட்டது. ஐயாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட இத்துறையின் பெருமையும் குறையும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன.

எகிப்தின் தொடக்ககால அரசர்களின் ஆண்டுக் குறிப்புகளைத் தாங்கிய பலெர்மோ கல்லில் ஒவ்வோர் ஆண்டின் வெள்ள உயரமும் முழம், கையகலம், விரற்கடைக் கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கிறது. போர், கோயில் திருப்பணி, வெள்ள உயரம் மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அசுவானுக்கு எதிரே உள்ள எலிஃபன்டைன் தீவில் படிக்கட்டோடு கூடிய நீர்மானி இருந்தது. கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ அதை நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

இத்தகைய நீர்மானிகளுள் தலையாயது கெய்ரோவில் ரோடா தீவின் தென்முனையில் நிற்கும் நைல்மானி. அப்பாசியக் கலீஃபா அல் முத்தவக்கில் காலத்தில், 861இல், வானியலறிஞர் அல் ஃபர்கானியின் மேற்பார்வையில் கட்டப்பட்டது. ஆழமான கல்கட்டுக் கிணறு. நடுவில் எண்கோணப் பளிங்குத் தூண். அதில் 19 முழங்களுக்குக் கோடுகள். ஒரு முழம் ஏறத்தாழ 54 செ.மீ. வெவ்வேறு உயரங்களில் அமைந்த மூன்று சுரங்க வழிகள் கிணற்றை ஆற்றோடு இணைத்தன. ஆற்றில் அலை எவ்வளவு புரண்டாலும் கிணற்றுக்குள் நீர் அசையாமல் ஏறியது. படிக்கட்டில் இறங்கி மட்டத்தைப் பிசகின்றிப் படிக்க முடிந்தது. இன்றைய நீரளவு நிலையங்களில் கரையோரம் கட்டப்படும் அளவுக் கிணறும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

வெள்ளம் 16 முழத்தைத் தொட்டால் அது நிறைவான ஆண்டு. கெய்ரோவின் கால்வாய்க் கரையை விழாவோடு வெட்டித் திறப்பார்கள். நிலவரி முழுமையாக விதிக்கப்படும். எட்டாவிட்டால் பசி, மிகவும் மிஞ்சினால் ஊர் மூழ்கும். ரோமானிய எழுத்தாளர் பிளினியும் 12 முழத்தைப் பஞ்சமாகவும் 16 முழத்தைச் செழிப்பாகவும் குறித்திருக்கிறார். அரசின் வருவாய் ஒரு தூணின் கோட்டில் தொங்கியதால் அந்தக் கோடு அரச இரகசியமாகவும் மாறியது. நீர் குறைவு என்ற செய்தி கசிந்தாலே வணிகர்கள் தானியத்தைப் பதுக்கினார்கள். எனவே 16 முழம் நிறையும் வரை மட்டத்தை ஊரறியச் சொல்லக் கூடாதென்று 10ஆம் நூற்றாண்டில் ஃபாத்திமியக் கலீஃபா அல் முயிஸ் தடை விதித்தார். ஆற்றின் தரவை அரசு பூட்டி வைக்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய, தெளிவான சான்று காண்பது அரிது.

நீரியல் என்ற பெயர் பிறக்காத அக்காலத்திலேயே ஆற்றைக் கட்டுப்படுத்தும் எண்ணமும் எழுந்தது. ஒளியியலின் முன்னோடி இப்னு அல் ஹைதம் நைலை ஒழுங்குபடுத்தலாம் என்று சொல்லி, கலீஃபா அல் ஹாக்கிமின் அழைப்பில் அசுவான் பக்கம் போய்ப் பார்த்து, முடியாதென்று திரும்பியதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர், 1200ஆம் ஆண்டின் வெள்ளம் 13 முழத்தைக்கூட எட்டவில்லை. அதைத் தொடர்ந்த கொடும்பஞ்சத்தை பாக்தாது மருத்துவர் அப்துல் லத்தீஃப் கண்ணால் கண்டு பதிந்திருக்கிறார்.

ரோடாவிலும் அதற்கு முந்தைய நீர்மானிகளிலும் எடுத்த அளவுகளை இளவரசர் ஓமர் தூசூன் தொகுத்து 1925இல் வெளியிட்டார். 622 முதல் 1284 வரை ஆண்டின் தாழ்மட்டம் பெரும்பாலும் இடைவெளியின்றிக் கிடைக்கிறது. வண்டல் படிந்து படுகை உயர்ந்தது, தூண் பழுதுபார்க்கப்பட்டது போன்ற காரணங்களால் எண்களை அப்படியே எடுத்தாள முடியாது. திருத்தித்தான் பயன்படுத்த வேண்டும். அப்படியிருந்தும் இதற்கு ஈடான தொடர் உலகில் மிகச் சிலவே.

பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த பொறியாளர்களில் பலர் இந்தியப் பாசனத் துறையில் பழகியவர்கள். ரூர்க்கியில் பிறந்து பயின்ற வில்லியம் வில்காக்ஸ் வடிவமைத்த அசுவான் அணை 1902இல் முடிந்தது. வில்லியம் கார்ஸ்டினின் 1904 அறிக்கை மேல்நைலையும் இன்றைய தென்சூடானின் சதுப்புகளையும் ஆராய்ந்தது. அங்கே வெள்ளை நைலின் நீரில் ஏறத்தாழப் பாதி ஆவியாகிறது.

1906இல் எகிப்து வந்த ஹரால்டு ஹர்ஸ்ட் தொடக்கத்தில் கவனித்தது நேரக் கணிப்பை. பிறகு நைலிடம் வந்தவர் வாழ்நாளை அதற்கே கொடுத்தார். வடிநிலம் முழுவதும் சுற்றி அளந்து, 1931 முதல் ‘நைல் வடிநிலம்’ என்ற நூல் வரிசையை உடன் பணியாற்றியவர்களோடு சேர்ந்து வெளியிட்டார். சராசரி நீரை ஆண்டுதோறும் தட்டாமல் தர அணை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதே அவர் முன் நின்ற கேள்வி. ஒவ்வோர் ஆண்டின் வரத்திலிருந்தும் சராசரியைக் கழித்து, மிச்சத்தையும் குறையையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டே போனார். அந்தக் கூட்டுத்தொகை தொடும் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையிலான தொலைவே அணைக்குத் தேவையான கொள்ளளவு. ஆண்டுக்கு ஆண்டு தொடர்பில்லாத வரத்தானால், நாணயம் சுண்டுவதுபோல, அது ஆண்டு எண்ணிக்கையின் 0.5 அடுக்கில் வளர வேண்டும். ஆறுகள், மழை, மர வளையங்கள் என நூற்றுக்கணக்கான தொடர்களில் ஹர்ஸ்டுக்குக் கிடைத்த சராசரி அடுக்கு 0.73. வறண்ட ஆண்டுகள் வறண்ட ஆண்டுகளோடும், வளமானவை வளமானவற்றோடும் கூட்டம் சேர்கின்றன. ஆறு தன் கடந்தகாலத்தை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. இந்த முடிவைச் சொல்லி 1951இல் வெளியான அவரது கட்டுரையைக் கணித அறிஞர் மாண்டெல்பிரோ 1968இல் நீரியலாளர் வாலிசோடு சேர்ந்து எடுத்தாண்டு, நீண்ட வறட்சிக்கும் வளத்துக்கும் எகிப்தின் வளத்தையும் பஞ்சத்தையும் முன்னுரைத்த விவிலிய யோசேப்பின் பெயரைச் சூட்டினார். பங்குச் சந்தை ஆய்விலும் இன்று இந்த அடுக்கு ஹர்ஸ்ட் எண் என்ற பெயரில் புழங்குகிறது.

ஹர்ஸ்ட் முன்மொழிந்தது விக்டோரியா, ஆல்பர்ட், தானா ஏரிகளில் நீரைச் சேமிக்கும் நூற்றாண்டுத் தேக்கத் திட்டம். வெயில் குறைந்த மேட்டுநிலத்தில் ஆவி இழப்பும் குறைவு. விடுதலை பெற்ற எகிப்து தன் எல்லைக்குள் அணை வேண்டுமென்று 1960இல் அசுவான் உயரணையைத் தொடங்கி 1970இல் முடித்தது. எகிப்தும் சூடானும் செய்துகொண்ட 1959 ஒப்பந்தம் ஆண்டு வரத்தை 8,400 கோடி கனமீட்டராக, அதாவது சுமார் 2,970 டி.எம்.சி.யாக, வரையறுத்தது. எகிப்துக்கு 5,550 கோடி, சூடானுக்கு 1,850 கோடி, ஆவியிழப்புக்கு 1,000 கோடி. நீரைப் பெற்றுத் தரும் எத்தியோப்பியாவுக்கு ஒரு சொட்டும் ஒதுக்கப்படவில்லை. அந்த அநீதியான பங்கீட்டுக்குப் பின்னணியாக நின்றவை கடைமடையில் திரட்டப்பட்ட புள்ளிவிவரங்களே. 1980களின் வறட்சியில் எகிப்து பட்டினி கிடக்காமல் தப்பியது உயரணையால் என்பதும் உண்மை.

நீல நைல் வடிநிலத்தை எத்தியோப்பியப் பக்கத்தில் விரிவாக ஆராய்ந்தது 1958–64இல் அமெரிக்க நிலச்சீரமைப்புப் பணியகம். 2011இல் தொடங்கிய எத்தியோப்பியாவின் மறுமலர்ச்சி அணை (7,400 கோடி கனமீட்டர், 5,150 மெகாவாட்) 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. நைல் நாடுகளின் கூட்டுறவு ஒப்பந்தம் 2024 அக்டோபரில் எகிப்தும் சூடானும் கையெழுத்திடாமலேயே நடைமுறைக்கு வந்தது.