ஒரு நோயாளி, இரு பெயர்கள்

காய்ச்சல் கண்டவனின் நாவின் கீழ் வெப்பமானியை வைத்தால், அது யாழ்ப்பாணத்திலும் இலண்டனிலும் ஒரே அளவையே காட்டும். நீரிழிவு உண்டோ இல்லையோ என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். உள்ளத்தில் தோன்றும் பிணிகளுட் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய அளவுகோல் இன்றுவரை கிட்டவில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டும், அவன் நடத்தையைக் கண்டும், உற்றார் கூறுவதை ஆராய்ந்தும் வைத்தியர் அந்நோய்க்கு ஒரு பெயர் இடுகிறார். மருந்தும், வைத்தியசாலையிற் கழியும் காலமும், ஊரார் நோக்கும் நோக்கும் அப்பெயரைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, அப்பெயர் எவ்வளவு நம்பத்தக்கது என்பது மனித வாழ்வைத் தொடும் வினாவாகும்.

இத்துறையில் ஒழுங்கு காண முயன்றவர்களுள் தலையாயவர் ஜேர்மனிய வைத்தியரான எமில் கிரேப்பலின். 1886ஆம் ஆண்டில், முப்பது வயதில், அவர் டோர்பாட் நகரிற் பேராசிரியரானார். இன்று எஸ்தோனியாவில் தார்த்து என வழங்கும் நகரம் அது. ஆங்கு நோயாளர் பலர் பேசிய மொழியை அவர் அறியார். மொழிபெயர்ப்போர் துணையுடனேயே அவர்களோடு உரையாட வேண்டியிருந்தது. 1891இல் ஹைடல்பேர்க் நகருக்குச் சென்றபின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வகுத்து, நோயின் தொடக்கம், போக்கு, முடிவு ஆகியவற்றைக் குறித்து வந்தார். ஒரு நாளிற் காணும் தோற்றத்தைக் கொண்டு நோயைத் துணிதல் ஆகாது; பல்லாண்டுப் போக்கே அதன் இயல்பை உணர்த்தும் என்பது அவர் கண்ட முடிபு.

அதன்படி 1899இல் வெளியான தமது பாடநூலின் ஆறாம் பதிப்பில் அவர் இரு பெரும் நோய்களை வேறு பிரித்தார். ஒன்று, இளமையிலே தோன்றிப் படிப்படியாக மனத்தைச் சிதைப்பது. மற்றையது, மிகைக் களிப்பாகவும் கடுஞ்சோர்வாகவும் வந்து, இடையிடையே நோயாளி தெளிவு பெற இடந்தருவது. முன்னையதற்கு 1908இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் ஓய்கன் புளொய்லர் ஸ்கிசோபிரீனியா என்ற பெயரைச் சூட்டினார். மனச்சிதைவு என்று தமிழில் வழங்குவது இதுவே. அவர் அதன் எல்லையையும் விரித்தார்.

விரிந்த எல்லை எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் விரியவில்லை. அமெரிக்க மனநோய் வைத்தியசாலைகளின் கணக்குகளில் மனச்சிதைவு மிகுந்து காணப்பட்டது. இங்கிலாந்தின் கணக்குகளிலோ களிப்பும் சோர்வுமாக வரும் நோய் பன்மடங்கு மிகுந்திருந்தது. இரு நாட்டு மக்களின் மனம் வேறுபட்டதா, அன்றி வைத்தியரின் கண் வேறுபட்டதா?

இதனை அறிய 1960களில் இரு நாட்டு அறிஞரும் ஒன்றுகூடினர். நியூ யோர்க்கின் புறூக்ளின் அரசாங்க வைத்தியசாலையிலும், இலண்டனுக்குத் தெற்கே இருந்த நெதேர்ன் வைத்தியசாலையிலும் அடுத்தடுத்து அனுமதிக்கப்பட்ட தலா 250 பேரை, ஆய்வுக் குழுவினர் ஒரே வகையான வினாக்களைக் கொண்டு விசாரித்தனர். அளவுகோல் ஒன்றானதும் வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்தது. இலண்டன் வைத்தியர் களிப்பு நோய் அல்லது சோர்வு நோய் எனக் கொண்டிருக்கக்கூடிய பலரை, நியூ யோர்க் வைத்தியர் மனச்சிதைவு உடையோர் எனப் பதிந்திருந்தனர். இவ்வாய்வு 1972இல் நூலாக வெளிவந்தது.

இதனோடு தொடர்புடைய மற்றொரு சோதனையில், நோயாளரைப் பேட்டி கண்ட படங்கள் இரு நாட்டு மனநோய் வைத்தியருக்கும் காட்டப்பட்டன. அவற்றுள் ஓர் இளைஞனுக்கு மனச்சிதைவு என்று அமெரிக்க வைத்தியருள் நூற்றுக்கு 69 பேர் கூறினர். பிரித்தானியருள் அவ்வாறு கூறியோர் நூற்றுக்கு 2 பேரே. கண்ட முகமும் கேட்ட சொல்லும் ஒன்று. இட்ட பெயரோ வேறு.

இது வெறும் சொற்பூசல் அன்று. மிகைக் களிப்பு நோய்க்கு லிதியம் என்னும் உப்பு பயன்தரும் என்பதை 1949இலேயே ஆஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் வெளியிட்டிருந்தார். 1970இல் அமெரிக்க அரசும் அம்மருந்துக்கு அனுமதி அளித்தது. ஆனால் மனச்சிதைவு என்ற பெயர் பெற்றுவிட்டவனுக்கு அம்மருந்தைக் கொடுக்க எவரும் நினையார். பெயர் பிழைத்தால் மருந்தும் பிழைக்கும். பிழைத்த மருந்தோடு ஆண்டுகளும் கழிந்துவிடும்.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, 1980இல் ரொபேர்ட் ஸ்பிற்சர் தலைமையில் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் மூன்றாம் கைந்நூல் வெளிவந்தது. எந்நோய்க்கு எவ்வறிகுறிகள், எத்தனை, எவ்வளவு காலம் காணப்படல் வேண்டும் என்று அது வரையறுத்தது. மனச்சிதைவு எனத் துணிவதற்கு நோய்க்குறிகள் ஆறு மாதமாவது நீடித்திருத்தல் வேண்டும் என்றது.

எனினும், வைத்தியர் பலர் ஒத்துக் கூறுவதனால் மாத்திரம் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. தன்பாற் சேர்க்கை விருப்பம் நோயெனவே அச்சங்கத்தின் ஏட்டில் நெடுநாள் இடம்பெற்றிருந்து, 1973இலேயே நீக்கப்பட்டது. பொது அளவுகோல் தவறைக் காண உதவும். தவறே நேராதவாறு காக்காது. கிரேப்பலின் தம் அட்டைகளில் நோயின் போக்கைக் குறித்து வந்ததுபோல, ஒருமுறை இட்ட பெயரைக் காலந்தோறும் மீண்டும் ஆராயும் பணிவே நோயாளிக்கு உற்ற துணையாகும்.