கல்கத்தா கோப்பை: கலைந்துபோன ஒரு ரக்பிக் கழகத்தின் நினைவு

கல்கத்தா கோப்பை என்பது இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் ரக்பி அணிகளுக்கு இடையே நடைபெறும் போட்டியில் வெல்லும் அணிக்கு வழங்கப்படும் வெள்ளிச் சுழற்கோப்பை. இது இந்தியாவில், இந்தியக் கைவினைஞர்களால், இந்திய வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்யப்பட்டது. 1878-ஆம் ஆண்டில் கல்கத்தா கால்பந்துக் கழகம் என்ற அமெச்சூர் ரக்பிக் கழகம் தன்னைக் கலைத்துக்கொண்டபோது, மிச்சமிருந்த பணத்தைக் கொண்டு இதைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. அமெச்சூர் என்றால் ஊதியம் பெறாமல், விருப்பத்துக்காக மட்டும் ஆடுவது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இளம் வயதில் இறந்த ஆட்டக்காரரின் நினைவாக அவர் குடும்பத்தார் சுழற்கோப்பை வழங்குவது வழக்கம். கல்கத்தா கோப்பையும் ஒரு நினைவுச் சுழற்கோப்பைதான். ஆனால் இது ஓர் ஆளின் நினைவாக அன்றி, ஒரு கழகத்தின் நினைவாக அந்தக் கழகத்தாலேயே வழங்கப்பட்டது.

ரக்பி ஆட்டம்

ரக்பி தமிழ்நாட்டில் பரவலாக அறியப்படாத விளையாட்டு. ஓர் அணிக்கு 15 பேர். பந்து முட்டை வடிவில் இருக்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் எறிய வேண்டும். பந்தை வைத்திருப்பவரை எதிரணியினர் இடுப்பையும் கால்களையும் பிடித்துக் கீழே வீழ்த்தலாம். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிச் சென்று பந்தைத் தரையில் பதிப்பதற்கு 'டிரை' என்று பெயர். டிரை என்றால் முயற்சி. தொடக்க காலத்தில் இதற்குப் புள்ளி கிடையாது. கம்பத்துக்கு மேல் பந்தை உதைக்கும் வாய்ப்பு மட்டுமே கிடைத்தது. அதனால் இப்பெயர் ஏற்பட்டது.

மதுரைச் சமவெளியில் சடுகுடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் ஒரு பகுதி எளிதில் விளங்கும். சடுகுடுவில் பாடிச் செல்பவரைப் பிடிகாரர்கள் மடக்குவது போலவே ரக்பியில் பந்தை ஏந்திச் செல்பவரை எதிரணியினர் மடக்குகின்றனர். பிடியில் அகப்பட்டவர் தன் கோட்டை எட்டத் துடிப்பதும், அவரை எட்டவிடாமல் மற்றவர்கள் இழுப்பதும் இரு ஆட்டங்களுக்கும் பொதுவானவை.

கழகத்தின் தோற்றம்

ரக்பி கால்பந்து ஒன்றியம் லண்டனில் 1871 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று எடின்பரோவில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. இதுவே உலகின் முதல் பன்னாட்டு ரக்பி ஆட்டம். ஸ்காட்லாந்து வென்றது.

அடுத்த ஆண்டே இந்த ஆட்டம் கல்கத்தாவுக்கு வந்தது. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கிருந்த ஆங்கிலேயர்கள் ஓர் அணியாகவும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாட்டவர் மற்றோர் அணியாகவும் ஆடினர். அக்கால வழக்கப்படி அணிக்கு 20 பேர். ஆட்டம் அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனதால் ஒரு வாரத்துக்குள் மீண்டும் ஆடினர். 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் உருவானது. 1874-இல் அது ரக்பி ஒன்றியத்தில் உறுப்பாக இணைந்தது. அக்காலத்தில் கால்பந்து என்ற சொல் ரக்பியையும் குறித்தது. அதனால்தான் ரக்பிக் கழகத்துக்கு இப்பெயர்.

கழகத்தில் இருந்தவர்கள் வணிக நிறுவன ஊழியர்கள், அரசு அலுவலர்கள், படைவீரர்கள். கடல் கடந்து வந்து வேலை பார்த்த அவர்களுக்கு, வாரத்தில் ஒரு மாலை சொந்த ஊரில் இருப்பது போன்ற உணர்வை இந்த ஆட்டம் தந்தது.

கழகம் கலைந்த காரணங்கள்

தொடக்கத்தில் இருந்த உற்சாகம் சில ஆண்டுகளே நீடித்தது. இதற்கு மூன்று காரணங்கள் கூறப்படுகின்றன.

முதலாவது, கழகத்தில் உறுப்பினர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட மது நிறுத்தப்பட்டது. அதன்பின் உறுப்பினர் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. இரண்டாவது, ஆட்டக்காரர்களைத் தந்துவந்த படைப்பிரிவு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டது. மூன்றாவது, வங்காளத்தின் வெப்பமும் ஈரக்காற்றும் ரக்பிக்கு ஒத்துவரவில்லை. அந்தத் தட்பவெப்பத்துக்கு ஏற்றவை என்று கருதப்பட்ட டென்னிசும் போலோவும் ஆட்களை ஈர்த்துக்கொண்டன.

இவற்றுக்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. கழகம் முழுவதும் வந்துபோகிறவர்களை நம்பி நின்றது. ஒருவர் ஊர் திரும்பினால் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவர் கப்பலில் வந்து இறங்க வேண்டும். அந்த நகரத்தில் பிறந்து வளர்ந்த சிறுவர் எவரும் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு மேலே வரவில்லை. கற்றுக்கொடுக்க வேண்டும் என்று கழகத்தாருக்கும் தோன்றவில்லை.

270 வெள்ளி ரூபாய்

ஆட்டம் நின்றுபோனாலும் கழகத்தின் வங்கிக் கணக்கில் பணம் இருந்தது. அதை உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொண்டிருக்கலாம். ஒரு பெரிய விருந்துடன் முடித்திருக்கலாம். கழகத்தின் தலைவராகவும் செயலாளராகவும் பொருளாளராகவும் இருந்த ஜி. ஏ. ஜேம்ஸ் ரோத்னி வேறொரு யோசனையை முன்வைத்தார். எஞ்சிய பணத்தில் இந்திய வேலைப்பாடு கொண்ட ஒரு கோப்பையைச் செய்து ரக்பி ஒன்றியத்துக்குக் கொடுக்கலாம். அது ஆட்டத்துக்கும் பயன்படும், கழகத்தின் நினைவாகவும் இருக்கும் என்பதே அந்த யோசனை.

வங்கியிலிருந்து எடுக்கப்பட்டவை 270 வெள்ளி ரூபாய் நாணயங்கள். அக்கால ரூபாய் ஒவ்வொன்றும் சுமார் 11.66 கிராம் எடை கொண்டது. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 270 நாணயங்களின் மொத்த எடை மூன்று கிலோவுக்குச் சற்று அதிகம். அவை உருக்கப்பட்டுக் கோப்பையாயின.

கோப்பை சுமார் 45 செ.மீ. உயரம் உடையது. உடல் முழுவதும் நுண்ணிய செதுக்கு வேலைப்பாடு உண்டு. மூன்று கைப்பிடிகளும் படமெடுத்த பாம்புகளின் வடிவில் அமைந்தவை. குவிந்த மூடியின் உச்சியில் அம்பாரியுடன் ஒரு யானை நிற்கிறது. வைசிராயின் யானைகளில் ஒன்றைப் பார்த்து இது வடிக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. கோப்பையைச் செய்தவர்களின் பெயர்கள் அதன் வரலாற்றில் பேசப்படுவதில்லை. கொடுத்தவர்களும் பெற்றவர்களும் மட்டுமே நினைவில் நின்றனர்.

ஆண்டுதோறும் நடக்கும் போட்டி

இங்கிலாந்தின் கழகங்கள் அனைத்தும் ஆண்டுதோறும் மோதி இக்கோப்பையை வெல்ல வேண்டும் என்பது கல்கத்தா கழகத்தின் விருப்பம். ரக்பி ஒன்றியம் அதை ஏற்கவில்லை. பரிசுக்காகக் கழகங்கள் மோதத் தொடங்கினால் பணத்துக்காக ஆடும் பழக்கம் வந்துவிடும் என்று அது அஞ்சியது. எனவே கோப்பை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு உரியதாக ஆக்கப்பட்டது.

கோப்பைக்கான முதல் ஆட்டம் 1879 மார்ச் 10 அன்று எடின்பரோவில் நடந்து சமநிலையில் முடிந்தது. 1880-இல் மான்செஸ்டரில் இங்கிலாந்து வென்று, கோப்பையை முதலில் கைப்பற்றிய அணியாயிற்று. உலகப் போர்க் காலங்களும் நிர்வாகத் தகராறு ஏற்பட்ட சில ஆண்டுகளும் நீங்கலாக இப்போட்டி இன்றுவரை நடந்துவருகிறது. இப்போது அது ஆறு நாடுகள் போட்டித் தொடரின் ஒரு பகுதி. 1988-ஆம் ஆண்டு ஆட்டத்துக்குப் பிந்தைய கொண்டாட்டத்தில் வீரர்கள் சிலர் எடின்பரோ தெருவில் கோப்பையை வைத்து விளையாடியதால் அது நசுங்கிச் சேதமடைந்தது. பின்னர் பழுதுபார்க்கப்பட்டது. மூலக் கோப்பை நொய்ந்துவிட்டதால் அதன் நகல்களும் செய்யப்பட்டுள்ளன.

ரக்பியில் பணம் பெற்று ஆடலாமா என்ற கேள்வி ஒன்றியத்தை விடாமல் துரத்தியது. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் இந்த ஆட்டத்தை ஆடினர். ஆட்டத்துக்காக வேலைக்குப் போகாத நாளின் கூலியை ஈடுகட்ட வேண்டும் என்று வடபகுதிக் கழகங்கள் கேட்டன. ஒன்றியம் மறுத்தது. 1895-இல் அக்கழகங்கள் பிரிந்து சென்றன. ஒன்றியம் வெளிப்படையான தொழில்முறை ஆட்டத்தை ஏற்றது சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1995-இல்தான்.

கல்கத்தாவில் வேர்விட்ட பந்து

கல்கத்தா கழகம் கலையத் தொடங்கிய அதே 1877-இல், அதே நகரில் வேறொன்று நடந்தது. ஹேர் பள்ளி மாணவரான நகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவர், மைதானத்தில் ஆங்கிலேயர்கள் ஆடுவதைக் கண்டார். தம்மிடம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினார். அந்த ஆசையில் அவரும் நண்பர்களும் காசு சேர்த்து ஒரு பந்து வாங்கினர். அவர்கள் அறியாமல் வாங்கி வந்தது ரக்பிப் பந்து என்றும், அருகிலிருந்த பிரசிடென்சி கல்லூரியின் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் அவர்களுக்கு உருண்டைப் பந்து கொடுத்து ஆடக் கற்றுத்தந்தார் என்றும் கல்கத்தா கால்பந்தின் வரலாற்றில் சொல்லப்படுகிறது.

அந்த ஆட்டம் நகரத்துப் பிள்ளைகளின் ஆட்டமாக மாறியது. 1889-இல் மோகன் பகான் கழகம் தோன்றியது. 1911 ஜூலை 29 அன்று அக்கழகம் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வங்காள வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். ஒரே வெயில், ஒரே மழை, ஒரே மைதானம். ஆகவே ரக்பி நிலைக்காததற்குத் தட்பவெப்பம் மட்டுமே காரணம் என்று சொல்ல இயலாது.

இலங்கையின் எடுத்துக்காட்டு

வெப்ப நாட்டிலும் ரக்பி நிலைக்கும் என்பதற்கு இலங்கையே சான்று. கொழும்பில் 1879-இல், அதாவது கல்கத்தா கழகம் கலைந்த மறு ஆண்டில், ரக்பிக் கழகம் தொடங்கப்பட்டது. அங்கும் முதலில் ஆடியவர்கள் ஐரோப்பியர்களே. ஆனால் 1891-இல் கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியை நிறுவிய லூயி எட்மண்ட் பிளேஸ் ரக்பியைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1906-இல் கிங்ஸ்வுட், டிரினிட்டி ஆகிய பள்ளிகள் மோதின. 1922-இல் இலங்கையருக்கான சி.ஆர். அண்ட் எஃப்.சி. கழகம் கொழும்பில் உருவானது. ஓட்டப்பந்தயத்தில் ஆசிய அளவில் புகழ்பெற்ற தமிழரான 'சும்மா' நவரத்தினம் இக்கழகத்துக்காக ஆடியவர். 1945-இல் தொடங்கிய ராயல், டிரினிட்டி பள்ளிகளின் பிராட்பி கேடயப் போட்டிக்கு இன்றும் பெருங்கூட்டம் கூடுகிறது. பள்ளி மைதானம் கிடைத்ததால் அங்கு ரக்பி பிழைத்தது.

மதுரைச் சமவெளியின் அமெச்சூர் ஆட்டம்

மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் ரக்பியின் இடத்தைச் சடுகுடு நிரப்பியது எனலாம். தண்ணீர் வற்றிய கண்மாய், அறுவடை முடிந்த வயல், கோயில் பொட்டல் என எந்த இடத்திலும் குச்சியால் கோடு கிழித்தால் ஆடுகளம் தயார். பந்து வேண்டாம், காலணி வேண்டாம், சந்தா வேண்டாம். பொங்கலையும் கோயில் திருவிழாவையும் ஒட்டிப் போட்டிகள் நடக்கின்றன. பகலில் வயலிலும் பட்டறையிலும் வேலை பார்த்த இளைஞர்கள் இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடுகின்றனர். கோட்டுக்கு வெளியே குந்தியிருக்கும் சிறுவர்களே நாளைய ஆட்டக்காரர்கள்.

இந்த மண்ணின் விளையாட்டு 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி விளையாட்டாக ஆடிக்காட்டப்பட்டது. 1990 பெய்ஜிங் ஆசியப் போட்டியில் பதக்க விளையாட்டாயிற்று. தென்மாவட்டக் கிராமமான மணத்தியிலிருந்து சென்ற கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, அர்ஜுனா விருதும் பெற்றார்.

கல்கத்தாவிலும் அமெச்சூர், மதுரைச் சமவெளியிலும் அமெச்சூர். ஆனால் அங்கே அச்சொல்லுக்கு ஊதியம் தேவைப்படாதவர் என்று பொருள். இங்கே கூலி வேலை முடித்துவிட்டு வந்து ஆடுபவர் என்று பொருள்.

இந்தியாவில் ரக்பியின் மறுவாழ்வு

கல்கத்தாவில் ரக்பி முற்றிலும் அழிந்துவிடவில்லை. 1884-இல் அங்குள்ள கிரிக்கெட் கழகம் ரக்பியை மீண்டும் தொடங்கியது. 1924 முதல் அகில இந்தியப் போட்டி நடைபெறலாயிற்று. இந்திய அணி தன் முதல் பன்னாட்டு ஆட்டத்தை ஆடியது 1998-இல்தான்.

இக்காலத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஒடிசாவிலிருந்து வந்தது. புவனேசுவரத்தில் பழங்குடிக் குழந்தைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் ரக்பி கற்பிக்கப்பட்டது. அம்மாணவர்கள் 2007-இல் லண்டன் சென்று, 14 வயதுக்குட்பட்டோருக்கான பன்னாட்டுப் பள்ளிப் போட்டியில் வாகை சூடினர். 2019 ஜூனில் மணிலாவில் இந்தியப் பெண்கள் அணி சிங்கப்பூரை 21-19 என்ற கணக்கில் வென்றது. 15 பேர் ஆடும் ரக்பியில் இந்தியப் பெண்களின் முதல் பன்னாட்டு வெற்றி இதுவே. கடைசி நேரத்தில் பந்தை உதைத்து வெற்றிப் புள்ளிகளைப் பெற்றுத்தந்த சுமித்ரா நாயக், மேற்சொன்ன ஒடிசா நிறுவனத்தின் மாணவி.

ரோத்னியும் அவர் தோழர்களும் தம் ஆட்டத்தின் நினைவை வெள்ளியில் வார்த்து அனுப்பினர். அந்த நினைவு 140 ஆண்டுகளுக்கு மேலாக மங்காமல் இருக்கிறது. ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற மண்ணில் ஆட்டம் உயிர் பெற, அந்த மண்ணின் பிள்ளைகள் கையில் பந்து சேர வேண்டியிருந்தது.