மூலிகைச் சாறுகளின் ஆக்ஸிஜனேற்றத் தடுப்புச் சோதனை

மூலிகையின் இலை, வேர், பட்டை, கனி முதலியவற்றிலிருந்து வடித்தெடுத்த சாறு, பிற பொருள்கள் பிராணவாயுவோடு கூடிச் சிதைவதை எவ்வளவு தூரம் தடுக்கவல்லது என்று அளந்தறியும் ரசாயனப் பரிசோதனை இது.

இதன் வரலாறு மூலிகைகளிலிருந்து தொடங்கவில்லை. 1900-இல் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலையில் மோசஸ் கோம்பர்க், இணையற்ற எலெக்ட்ரானைத் தாங்கிய ‘தனி உறுப்பு’ என்னும் அணுக்கூட்டம் தனித்து நிற்கக்கூடும் என்பதை நிரூபித்தார். அத்தகைய உறுப்புக்களுள் அபூர்வமான நிலைபேறுடைய டைபினைல் பிக்ரில் ஹைட்ரசிலை 1922-இல் கோல்ட்ஷ்மிட், ரென் என்னும் இருவர் ஆக்கினர். முதுமைக்கும் தனி உறுப்புக்களே காரணம் என்னும் சித்தாந்தத்தை டென்ஹாம் ஹார்மன் 1956-இல் வெளியிட்டார். ஈராண்டு கழித்து மார்ஸ்டன் பிளாய்ஸ், கோல்ட்ஷ்மிட்டின் அந்த ஊதா நிறப் பொருளையே அளவுகோலாகக் கொண்டு, தடுப்பு ஆற்றலை நிறமாற்றத்தால் கணிக்கும் முறையை வகுத்தார். 1969-இல் மக்கார்டும் பிரிடோவிச்சும் சூப்பராக்ஸைடு என்னும் தனி உறுப்பை அழிக்கும் நொதியொன்றைக் கண்டறியவே, இவ்வுறுப்புக்கள் உயிருடலிலும் தோன்றுகின்றன என்னும் கருத்து வலுப்பெற்றது.

பிளாய்ஸின் முறை எளிமையால் பரவிற்று. நிழலில் உலர்த்திப் பொடித்த மூலிகையை மெதனாலில் ஊறவைத்து, வடிகட்டி, மெதனாலை ஆவியாக்கி நீக்கிய பின் எஞ்சும் சத்தைப் பல செறிவுகளில் கரைத்து, ஊதாக் கரைசலோடு கலந்து, பெரும்பாலும் அரை மணி நேரம் இருளில் வைப்பர். சாற்றிலுள்ள பாலிபீனால்கள் தனி உறுப்புக்கு ஹைட்ரஜன் அணுவையோ எலெக்ட்ரானையோ ஈந்து அதனைச் சாந்தப்படுத்த, ஊதா வெளிறி மஞ்சளாகும். இம்மாற்றத்தை 517 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியுறிஞ்சலைக்கொண்டு அளந்து, தனி உறுப்பில் பாதியை ஒழிக்கத் தேவைப்படும் செறிவைக் கணக்கிட்டு, அஸ்கார்பிக் அமிலம் போன்றதொரு பொருளோடு ஒப்பிடுவர். டானின்களும் அஸ்கார்பிக் அமிலமும் நிறைந்த நெல்லிக்கனி இச்சோதனையில் உயர்ந்த ஆற்றல் காட்டுவதாகும்.

தடுப்பாற்றலை அளக்க வேறு முறைகளும் உண்டு. தடுப்புப் பொருளின் செயலால் பெர்ரிக் இரும்பு பெர்ரஸாகி நீலநிறம் பெறுவதை 593 நானோமீட்டரில் அளக்கும் முறையை பென்ஸியும் ஸ்ட்ரெயினும் 1996-இல் வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ரசாயன வினையை அளப்பதால், ஒரே சாறு ஒன்றில் உயர்ந்தும் மற்றொன்றில் தாழ்ந்தும் நிற்கலாம். ஆகவே ஒரு முறையை மட்டும் நம்பி முடிவு கூறுதல் தகாது. மேலும், நாவற்பழத்தைப்போல் இயல்பிலேயே செவ்வூதா நிறமுடைய சாறுகள் தாமும் 517 நானோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுமாதலால், அவற்றின் நிறத்தைத் தனியே அளந்து கழித்தல் அவசியம்.

சோதனைக் குழாயில் பெற்ற வெற்றி உடலிலும் பலிக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை; சாற்றின் பொருள்கள் குடலில் மாறுதலடைந்து, சொற்ப அளவிலேயே இரத்தத்தைச் சேரக்கூடும். ஆக்ஸிஜனேற்றத் தடுப்பியெனப் போற்றப்பட்ட பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர்க்கு அளித்து ஆராய்ந்தபோது, நுரையீரல் புற்றுநோய் குறையாமல் கூடியதென 1994-இல் தெரியவந்தது. உணவுகளின் தடுப்பாற்றல் எண்கள் விளம்பரங்களில் தவறாகப் பயன்பட்டமையால், அமெரிக்க விவசாய இலாகா அவ்வெண்களைத் தொகுத்த தன் அட்டவணையை 2012-இல் விலக்கிக்கொண்டது. ஆதலின் இச்சோதனை, ஆராயத்தக்க மூலிகையைத் தேர்ந்தெடுக்க உதவும் முதற்படியேயன்றி, அதன் மருத்துவப் பயனுக்குச் சான்றாகாது.