வளவுக்குள் வந்த நாய்கள்

திருகோணமலையில் பெரிய நாய் வளர்த்தவர்கள் முன்பு துரைமார்தான். 1957 ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துப் போகும்வரை, டொக்யாட் பங்களாக்களில் அல்சேஷன் நாய்கள் சங்கிலியில் நின்றதாக அம்மப்பா சொல்லுவார். அவர் அங்கே பிற்றர். சங்கிலி நாய்க்கும் வேலிக்கு வெளியே திரிந்த ஊர் நாய்க்கும் பிறந்த குட்டிகளை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. அப்படி ஒன்று, ஆள் போன பங்களா வாசலில் படுத்துக் கிடந்திருக்கிறது. அம்மப்பா கூப்பிட, சைக்கிளுக்குப் பின்னால் உவர்மலை வரை ஓடி வந்துவிட்டது. “இந்தப் பெரிய உருவத்துக்குச் சோறு போட ஆரால ஏலும்?” என்று அம்மம்மா படலையில் மறித்தாராம். அது அவரின் தோளில் இரண்டு காலையும் தூக்கி வைத்து முகத்தை நக்கியதாம். எங்கள் வீட்டின் முதல் நாய் அது.

தென்னாபிரிக்காவின் சைமன்ஸ் ரவுனில் இதே கடற்படை 1939இல் ஒரு கிரேட் டேனை மாலுமியாகவே பதிந்தது. ஜஸ்ற் நியூசன்ஸ் என்று பெயர். மாலுமிகளோடு ரயிலில் ஏறித் திரிந்ததால் ரயில்வேக்காரர் முறையிட, பதிவு செய்துதான் அதைக் காப்பாற்றினார்கள். 1944இல் இறந்தபோது இராணுவ மரியாதையோடு புதைத்தார்கள். அந்தக் கதையை வாசிக்கும்போதெல்லாம் எங்கள் ஊர் நாய்களை நினைத்து மனம் நோகும். இங்கே நாய்க்கென்று இருந்தவை 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டமும் 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டமும்தான். பதிவில்லாமல் தெருவில் நின்ற நாயைப் பிடிக்கலாம், கொல்லலாம் என்றிருந்தது. வைரவர் கோயிலில் வடைமாலை சாத்திக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், அவரின் வாகனமான நாயைச் சுருக்குக் கம்பியால் இழுத்துப் போவார்கள். சிறுவயதில் அதைக் கண்ட இரவுகளில் எனக்குச் சோறு இறங்காது.

நாய்களை இப்படிக் கொல்ல வைத்த பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1973இல் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். அதைக் குறைத்தது கொலை அல்ல, ஊசி என்பதே என் உறுதியான எண்ணம். 2006இல் கட்டாக்காலி நாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது. அதற்குப் பிறகும் இறப்பு மொத்தத்தில் இறங்கித்தான் வந்தது.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் நாய்கள் கட்டாக்காலியானதற்குப் பெரிய காரணம் போரால் வந்த இடப்பெயர்வு. 1990இல் சனம் முகாமுக்கும், கடல் கடந்து தமிழ்நாட்டின் மண்டபத்துக்கும் போனது. வள்ளத்தில் பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை. 2006 ஏப்ரலில் சம்பூர் வெறிச்சோடியது. சனம் திரும்ப 2015, 2016 ஆனது. அத்தனை வருடம் எந்த நாய் உயிரோடு இருக்கும்? விட்டுப் போன நாய்கள் ஆள் இருந்த வளவுகளை நோக்கி வந்தன. வந்ததற்குச் சோறு வைத்தோம். வைத்த கைக்கு அது சொந்தமானது. ‘தத்தெடுத்தோம்’ என்று அந்த நாளில் எவரும் சொன்னதில்லை.

இப்போது என்னிடம் இருப்பது செம்மண் நிறத்தில், என் இடுப்பளவு உயரமான கலப்பு நாய். மீன் சந்தைப் பக்கம் குட்டியாய்க் கிடந்தது. விடியக்காலை உட்துறைமுக வீதியில் ஒரு மணித்தியாலம் நடத்தாவிட்டால் வேலியைக் கிண்டிவிடும்; நடத்திக் கொண்டுவந்தால் காலடியில் படுத்து, எழும்ப விடாது. கைவிடப்பட்ட குட்டிகளுக்கு நான் வீடு தேடிக் கொடுப்பதுண்டு. பெரிய நாய் வேண்டும் என்று கேட்டு வருபவர்களிடம் சங்கிலியைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். கட்டிப் போடுவதற்கென்றால் குட்டி தரமாட்டேன். வருடாவருடம் ஊசியும், உள்ளூராட்சி சபைப் பதிவும் கட்டாயம்.

மாரி தொடங்கியதும் சந்தையடியில் குட்டிகளைக் கொண்டுவந்து போடுவார்கள். பெரும்பாலும் பெண் குட்டிகள். ஆணைத்தான் எல்லாரும் எடுத்துப் போவார்கள். போன மாரியில் சாம்பல்தீவுக் குடும்பம் ஒன்று இரண்டு பெண் குட்டிகளைச் சேர்த்தே கேட்டு வாங்கியது. கருத்தடைக்கு நானே கூட்டிப் போனேன். இரண்டும் இப்போதே அவர்களின் வாழைக்கன்றுகளை விட உயரம்.